மறைத்த தொகைக்குச் சான்று: ரேஞ்ச் ப்ரூஃப் எழுதுவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மோனெரோ போன்ற கிரிப்டோ நாணயங்களில் தொகை வெளியே தெரியாது. வரவும் செலவும் சமமா என்பதை மட்டும் தொகையை மறைத்துப் பூட்டும் பெடர்சன் கமிட்மென்ட்டை வைத்து நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும். அது போதாது. 10 காசு வைத்திருப்பவர் ஓர் அவுட்புட்டில் 15, இன்னொன்றில் மைனஸ் 5 என்று எழுதினாலும் கணக்கு நேராகிவிடும். 5 காசு கள்ளத்தனமாக முளைத்துவிடும். ஒவ்வொரு தொகையும் 0 முதல் 64 பிட்டுக்குள் அடங்கும் எண்தான் என்பதை, எண்ணைச் சொல்லாமலே காட்டுவது ரேஞ்ச் ப்ரூஃப்.

செய்ய வேண்டியவை

● எல்லா அவுட்புட்டுக்கும் சான்று கேளுங்கள். அனுப்பியவருக்கே திரும்பும் மீதிக்கும் சேர்த்து. மைனஸ் ஒளிய ஓர் இடம் போதும்.

● பல அவுட்புட்களுக்கு ஒரே சான்றாகச் சேர்த்துக் கட்டுங்கள். புல்லட்ப்ரூஃப்ஸ் முறையில் அவுட்புட் இரண்டு மடங்கானாலும் சான்று 64 பைட்தான் வளரும். 2018 அக்டோபரில் இதற்கு மாறியதும் மோனெரோ பரிவர்த்தனையின் அளவு ஏறக்குறைய 80 சதவீதம் இறங்கியது.

● கட்டணம் வைக்கும்போது சரிபார்க்கும் வேலையையும் கணக்கில் எடுங்கள். சான்று சிறுத்தாலும் அந்த வேலை அவுட்புட்களோடு ஏறிக்கொண்டே போகும்.

● வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்யுங்கள். புல்லட்ப்ரூஃப்ஸை ஏற்குமுன் மோனெரோ அதைக் குடெல்ஸ்கி செக்யூரிட்டி, குவார்க்ஸ்லேப் ஆகியோரிடம் கொடுத்துப் பார்த்தது.

செய்யக்கூடாதவை

● கமிட்மென்ட்டின் இரண்டு அடிப்படைப் புள்ளிகளையும் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவற்றின் உறவு தெரிந்தவர் ஒரே கமிட்மென்ட்டை எந்தத் தொகையாகவும் திறந்து காட்டலாம். இரண்டாவது புள்ளி, யாரும் மறுபடி கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய ஹாஷிலிருந்து வரட்டும்.

● சான்றைச் சோதிக்கும் சவால் எண்ணுக்கான ஹாஷில் கமிட்மென்ட்டைச் சேர்க்க மறக்காதீர்கள். விட்டால் போலிச் சான்று செய்யலாம். 2022-இல் டிரெயில் ஆஃப் பிட்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ‘ஃப்ரோசன் ஹார்ட்’ என்று வெளியிட்ட ஓட்டை இதுதான். புல்லட்ப்ரூஃப்ஸின் மூலக் கட்டுரையிலேயே அது விடுபட்டிருந்தது; அதைப் பார்த்து எழுதிய சில நூலகங்களும் அப்படியே விட்டிருந்தன.

● அனுப்பியவரையும் ரேஞ்ச் ப்ரூஃப் மறைக்கும் என்று எண்ணாதீர்கள். மோனெரோவில் அது ரிங் கையொப்பத்தின் வேலை.

● ‘தப்பு நடந்தால் தெரியாமலா போகும்?’ என்று இருந்துவிடாதீர்கள். 2010 ஆகஸ்டில் பிட்காயினில் எண் நிரம்பி வழிந்த பிழையால் 18,400 கோடிக்கும் மேற்பட்ட காசுகள் உருவாயின. தொகை கண்ணெதிரே இருந்ததால் சில மணி நேரத்தில் திருத்த முடிந்தது. தொகையை மறைத்த நாணயத்தில் சான்றில் பிழை இருந்தால், கள்ளக் காசும் நல்ல காசும் பார்வைக்கு ஒன்றுதான்.