பாலும் வயிறும்

வீட்டில் பனீர் செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டதும் பால் திரிந்து, வெண்கட்டி ஒருபுறமும் இளமஞ்சள் நீர் மறுபுறமுமாகப் பிரிகிறது. கட்டியில் மிகுந்திருப்பவை கேசீன் என்னும் புரதமும் கொழுப்பும். பாலின் சர்க்கரையாகிய லாக்டோஸில் பெரும்பகுதி நீரோடு சென்றுவிடுகிறது. புரதம் வேறு, சர்க்கரை வேறு என்பதை அடுப்பங்கரையே காட்டிவிடுகிறது. ஆயினும் பால் வாங்குவோர் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர்.

100 மில்லிலிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ் உண்டு. சிறுகுடலில் உள்ள லாக்டேஸ் என்னும் நொதி இதனைக் குளுக்கோஸ், கேலக்டோஸ் என இரண்டாகப் பிரிக்கிறது. குழந்தைப் பருவம் கடந்தபின் உலகில் பெரும்பாலோர்க்கு இந்நொதி குறைந்துவிடுகிறது. அப்போது செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலை அடைய, அங்குள்ள நுண்ணுயிரிகள் அதனைப் புளிக்கச் செய்கின்றன. வாயு பெருகி வயிறு உப்புகிறது; சிலர்க்கு வயிற்றுப்போக்கும் உண்டாகிறது. வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடம் இக்குறைவு மிகுதி என ஆய்வுகள் கூறுகின்றன. தில்லியிலோ லூதியானாவிலோ உங்கள் வகுப்புத் தோழன் பெரிய குவளைப் பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு விளையாடப் போக, உங்கள் வயிறு மட்டும் இரைந்தால் நாணுவதற்கு ஒன்றுமில்லை. அது நோயன்று, உடலின் இயல்பு.

இனிப் புரதத்தைக் காண்போம். பாற்புரதத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு கேசீன். அதன் ஒரு வகையான பீட்டா கேசீன், 209 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 67ஆம் இடத்தில் புரோலின் இருந்தால் அது ஏ2. ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. ஏ1 செரிக்கும்போது அவ்விடத்தில் சங்கிலி அறுந்து, ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட துண்டொன்று வெளிப்படக்கூடும். அது குடலின் இயக்கத்தை மந்தமாக்கும் என்று சிலர் கருதுகின்றனர். ஏ2 பால் அருந்தியோர்க்கு வயிற்றுத் தொல்லை சற்றே குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகளும் காட்டின. முடிந்த முடிபாக இதனைக் கொள்வதற்கில்லை. கிர், சாகிவால் முதலிய நம் நாட்டு மாடுகளின் பாலும் எருமைப் பாலும் பெரும்பாலும் ஏ2 வகையே. எருமைப் பாலைப் பருகுவோர் அப்பெயரை அறியாமலே பருகிவருகின்றனர்!

ஏ2 பாலிலும் லாக்டோஸ் குறைவதில்லை. நொதி குறைந்தவர்க்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் அப்பாலைவிடத் தயிர் நல்ல துணை. உறையும்போதே நுண்ணுயிரிகள் லாக்டோஸில் ஒரு பகுதியை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. சிறிதளவு பாலை உணவோடு சேர்த்து அருந்தினாலும் பலர்க்குத் தொல்லை எழுவதில்லை. பால் ஒவ்வாமை இதனின் வேறு. அது புரதத்தால் வருவது. அத்தகையோர்க்கு ஏ2 பாலும் ஆகாது.

சொற்பொருள்
திரிதல் – கெட்டுப் பிரிதல்
நொதி – உடலில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்
மந்தம் – விரைவின்மை

வினாக்கள்
1. பனீர் செய்தபின் எஞ்சும் நீரில் மிகுந்திருக்கும் சர்க்கரை எது?
2. ஏ1, ஏ2 புரதங்கள் எவ்விடத்தில் வேறுபடுகின்றன?
3. உங்கள் வீட்டில் பால் வாங்குபவரிடம் ஏ2 பாலைப் பற்றி உரையாடி, ஐந்து தொடர்களில் எழுதுக.