முத்தும் சுண்ணப் படிவும்

தூத்துக்குடிக் கடற்கரை வெண்பொருள்களால் புகழ்பெற்றது. ஆழியில் விளைந்த முத்து வெண்மை, சங்கு வெண்மை, உப்பளங்களில் குன்றெனக் குவிந்த உப்பும் வெண்மை. பாண்டியரின் பழந்துறையாகிய கொற்கையின் முத்தினை நாடி யவனரும் கலமேறி வந்தனர். இம்மூன்றோடு நான்காவதாக ஒரு வெண்பொருளும் அப்பகுதி மனைகளில் உண்டு. அதனை எவரும் விரும்புவதில்லை. அழையாமலே அது வீடு புகும். வெந்நீர்ப் பானையின் அடியில் தகடுபோல் ஒட்டிக்கிடக்கும் சுண்ணப் படிவே அது. விலைமதிப்புள்ள முத்தும், சுரண்டி எறியப்படும் இப்படிவும் பெரும்பாலும் ஒரே பொருளால் ஆனவை என்றால் மாணவர்கள் வியப்படைவர். ஆயினும் உண்மை அதுவே.

முத்துச்சிப்பி தன் உடலுள் புகுந்த அயற்பொருளைச் சுற்றி, கடல்நீரிலிருந்து பெற்ற சுண்ணச் சத்தினைப் படலத்தின்மேல் படலமாகப் பூசுகின்றது. ஒவ்வொரு படலமும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. இவ்வாறு நெடுநாள் பூசப்பட்டுத் திரண்டதே முத்து. அதன் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டு என்னும் சுண்ணப் பொருளாகும்.

இனிப் படிவு உண்டாகும் வகையைக் காண்போம். மழைநீர் மண்ணுள் இறங்கும்பொழுது கரியமில வாயுவைத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. அவ்வாயு கலந்த நீர், நிலத்தினுள் கிடக்கும் சுண்ணப் பாறைகளையும் பழைய சிப்பி ஓடுகளையும் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. அந்நீரே கடின நீர் எனப்படும். அதில் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் அந்நீரைச் சூடாக்கினால், கரியமில வாயு வெளியேறுகிறது. கரைந்திருந்த சுண்ணம் மீண்டும் கரையாப் பொருளாகிப் பாத்திரத்தில் படிகிறது. சர்க்கரையும் உப்பும் சூட்டில் மிகுதியாகக் கரையும். சுண்ணமோ சூட்டில் பிரிந்து படியும். எங்கே வெப்பம் மிகுதியோ, அங்கேயே படிவும் மிகுதி.

பானையின் அடியில் படிந்தால் புளியிட்டுத் தேய்த்துக் கழுவிவிடலாம். கண்ணுக்குப் புலப்படாத குழாயினுள் படிந்தால் என் செய்வது? அங்கேதான் இடர் தோன்றுகின்றது.

பண்டு வெந்நீர் வேண்டுவோர் அண்டாவில் நீர் நிரப்பி விறகிட்டுக் காத்திருந்தனர். 1868ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்தவரான பெஞ்சமின் வாடி மாகன் என்பார், ஓடும் நீரை எரிவளியின் சுவாலையால் அப்பொழுதே சூடாக்கும் கருவியொன்றை அமைத்தார். ஐசுலாந்து நாட்டில் நிலத்தினின்றும் பீறிட்டெழும் வெந்நீர் ஊற்றின் பெயரால் அதற்குக் 'கீசர்' என்று பெயரிட்டார். இன்று தமிழகத்து இல்லங்களில் வழங்கும் கீசர் என்னும் சொல்லுக்கு வரலாறு இதுவே. இக்கருவிகளுள் ஒரு வகைக்கு நீரைத் தேக்கிவைக்கும் தொட்டி இல்லை. குளிர்ந்த நீர் ஒரு முனையில் புகும். வளைந்து செல்லும் குறுகிய செப்புக் குழாயினூடே ஓடும். ஓடும்பொழுதே சூடேறி மறுமுனையில் வெளிப்படும்.

இக்கருவியின் இயல்பை ஒரு கணக்கினால் அறியலாம். மூன்று கிலோவாட்டு ஆற்றலுள்ள மின்கருவி ஒன்று ஒரு நொடிக்கு 3000 சூல் வெப்பம் தருகிறது. ஒரு லிட்டர் நீரின் சூட்டை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4200 சூல் வேண்டும். நிமிடத்திற்கு 3 லிட்டர் நீர் ஓடுமாயின், அதன் சூடு ஏறத்தாழ 14 பாகை உயரும். தொட்டி நீர் 28 பாகையெனில், வெளிவரும் நீர் 42 பாகையாக இருக்கும், குளிப்பதற்கு இனிதாகும். ஓட்டம் நிமிடத்திற்கு ஒன்றரை லிட்டராகக் குறைந்தால், அதே வெப்பத்தைப் பாதி நீரே ஏற்க வேண்டியிருக்கும். சூடு 28 அல்லது 29 பாகை உயர்ந்து, வெளிவரும் நீர் 57 பாகையை எட்டும். ஓட்டம் ஒரு லிட்டராகக் குறைந்தால் 71 பாகையாகும். அறுபது பாகை நீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கவல்லது. குழந்தைகளின் மெல்லிய தோலையோ இன்னும் விரைவில் புண்ணாக்கும். கருவி தரும் வெப்பம் சிறிதும் கூடவில்லை என்பதை இங்கே உணர்தல் வேண்டும். நீர் குறைந்தது, அதனால் சூடு மிகுந்தது.

இவ்வுண்மையை விளக்கத் தூத்துக்குடியில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். ஆற்றுநீர் போதாத நாள்களில் அவ்வீட்டார் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியில் ஏற்றிப் பயன்படுத்துவர். ஒருநாள் காலையில் பேரக்குழந்தையை நீராட்டப் புகுந்த பாட்டியார், வழக்கம்போல் முதலில் தம் முழங்கையை நீரில் வைத்துப் பார்த்தார். நீர் சுட்டது. குழந்தையை விலக்கிக்கொண்டார். சிறிது நேரத்தில் கருவி தானே நின்றது, ஆறியபின் இயங்கியது, மீண்டும் சுட்டு, மீண்டும் நின்றது.

பார்க்க வந்த அண்டை வீட்டு இளைஞர், "உள்ளே வெப்பக் காப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. அதை நீக்கிக் கம்பியை நேரே இணைத்துவிட்டால் கருவி நிற்காது, ஆச்சி" என்றார்.

அப்போது அங்கு வந்த மின்பணியாளர் அதனை மறுத்தார். "தம்பி, முத்துக் குளிப்பவர் கடலில் மூழ்கும்பொழுது தோணியில் ஒருவர் கயிற்றைப் பற்றிக்கொண்டிருப்பார். மூழ்கியவர் கயிற்றை அசைத்தால் உடனே மேலே இழுப்பார். அடிக்கடி அசைக்கிறாரே என்று சினந்து கயிற்றை அறுப்பவர் உண்டா? இந்தக் காப்பு அந்தக் கயிற்றைப் போன்றது. எதற்காக அசைகிறது என்று முதலில் பார்ப்போம்" என்றார்.

அவர் முதலில் மின்னிணைப்பைத் துண்டித்தார். அதன்பின் பத்து லிட்டர் வாளியை வைத்து, கருவியின் வழியே வரும் நீர் அதனை நிரப்பும் காலத்தைக் கணக்கிட்டார். 400 நொடிகள் ஆயின. கருவியைச் சாராத அடுத்த குழாயைத் திறந்தார். வாளி விரைவில் நிரம்பியது. ஆதலின் தொட்டியில் நீர்க்குறைவு இல்லை என்பதும், தடை கருவி சார்ந்த வழியிலேயே உள்ளது என்பதும் தெளிவாயின. பின்னர் நீர் புகும் அடைப்பான் முழுதும் திறந்துள்ளதா என்று நோக்கினார், திறந்தே இருந்தது. அதனை அடுத்த வலைவடிகட்டியைக் கழற்றினார். சில மணற் பருக்கைகள் இருந்தன. கழுவிப் பொருத்தியும் ஓட்டம் மிகவில்லை. பூவாளியைக் கழற்றினார், அதன் துளைகள் சில வெண்பொடியால் அடைபட்டிருந்தன. அதனை நீக்கி அளந்தும் ஓட்டத்தில் பெரிய மாற்றமில்லை. ஒவ்வொரு வாயிலையும் இவ்வாறு பார்த்து விலக்கியபின், எஞ்சியது செப்புக் குழாய் ஒன்றே.

அவ்வெண்பொடியை விரலால் தொட்டுப் பார்த்த பாட்டியார், "இது நம் வெந்நீர்ப் பானையில் ஒட்டும் பொடியன்றோ! பானைக்குப் புளி போடுவேன். இதற்கு என்ன போடுவாய், தம்பி?" என்றார்.

"இதற்கும் புளிப்புதான், ஆச்சி" என்றார் பணியாளர்.

அவர் கருவியை நீர்க்குழாயினின்றும் பிரித்து, காடி என்னும் வினிகரை நீரோடு கலந்து, சிறிய எக்கியின் துணையால் செப்புக் குழாயினுள் ஒரு மணி நேரம் சுற்றியோடச் செய்தார். காடி வெளியேறிய வாளியில் நுண்ணிய குமிழிகள் தோன்றின. சுண்ணத்தோடு புளிப்பு கூடும்பொழுது பிரிந்தெழும் கரியமில வாயுவே அக்குமிழிகள். எகிப்து நாட்டரசி கிளியோபாத்திரா விலையுயர்ந்த முத்தொன்றைக் காடியில் கரைத்துப் பருகினாள் என்று உரோம ஆசிரியர் பிளினி எழுதிவைத்த கதைக்கும் அடிப்படை இவ்வியல்பே. பின்பு தூய நீரால் குழாயைப் பன்முறை கழுவி, மின்னிணைப்புத் தரும் முன் மீண்டும் அளந்தபொழுது, வாளி 210 நொடிகளில் நிரம்பியது. மின்னிணைப்புத் தந்தபின் நீரின் சூடும் தணிந்தது. கருவி இடையில் நிற்கவும் இல்லை.

படிவினால் விளையும் தீங்கு வழியை அடைப்பதோடு முடிவதன்று. செம்பு, சுண்ணப் படிவினும் நூறு மடங்கிற்கு மேலாக வெப்பத்தைக் கடத்தவல்லது. இடையே படிவு திரையிட்டால் வெப்பம் நீரைச் சென்று சேராது உலோகத்திலேயே தங்கும். உலோகம் காய்ந்து கெடும். இக்காரணத்தால்தான் நீராவிக் கப்பல்களின் கொதிகலன்களைக் காலந்தோறும் திறந்து படிவைச் செதுக்கி எடுத்தனர். தூத்துக்குடியில் 1979இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையம் போன்றவற்றிலும், கொதிகலனுள் செலுத்தும் நீரினின்றும் கனிமங்களை முன்னரே நீக்கிவிடுவர். பெருங்கலத்திற்கு உரிய நெறியே சிறு கருவிக்கும் உரியது.

நீரோட்டம் நிறைவாக இருந்தும் சூடு மிகுமாயின், குற்றம் சூட்டை அளக்கும் உணர்வியிலோ, மின்சாரத்தை நிறுத்தும் இணைப்பிலோ இருத்தல் கூடும். குழாயை மூடிய பின்னரும் கருவி இயங்கிக்கொண்டிருந்தால் அது பேரிடரின் அறிகுறி. அந்நிலையில் தாமே திறந்து பாராமல், மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி பெற்றவரை அழைத்தலே அறிவுடைமை.

மன்னார் வளைகுடாவில் இந்தியக் கரையோரப் பார்களில் 1961ஆம் ஆண்டிற்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் 1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடிப் பகுதியில் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டனர். சிப்பி சுண்ணத்தை எவ்வாறு பூசுகிறது என்பதை ஆராய்ந்து அறிந்தோர்க்கு அது முத்தாகப் பயன்பட்டது. அதே சுண்ணம் குழாயினுள் மறைந்து கிடப்பதை ஆராயாதோர்க்கு அது தீங்காக முடிகின்றது. சூடு மிகுந்தது கண்டு காப்பினை நீக்க எண்ணுதல் அவசரம். சூடு ஏன் மிகுந்தது என்று ஒவ்வொரு வாயிலாகத் தேடிக் காணுதல் அறிவு. அன்று காலையில் அக்குழந்தையைக் காத்தவை இரண்டு: பாட்டியாரின் முழங்கை ஒன்று, அறுக்கப்படாத அக்கயிறு மற்றொன்று.