நல்ல ஆலோசகர் யார்?

பெங்களூரு ஜீவனஹள்ளியில் வாழும் சிறுமி ஒருத்தி வகுப்புத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். தனக்குத் துணையாக நான்கு தோழியரின் பெயர்களை எழுதித் தாத்தாவிடம் காட்டினாள்.

"இவர்களை ஏன் தேர்ந்தெடுத்தாய், கண்ணே?"

"இவர்கள் எனக்கு வாக்களித்தவர்கள், தாத்தா."

தாத்தா புன்னகைத்தார். "தேர்தலில் வென்று ஆட்சியமைக்கும் கட்சிக்கும் இதே சிக்கல் எழுகிறது. அமைச்சர்களுக்கு ஆலோசகராக யாரை அமர்த்துவது?" என்று கூறி, விளக்கத் தொடங்கினார்.

ஆலோசகர்களுள் ஒரு வகையினர் கட்சியிலேயே உழைத்து, மக்களின் மனநிலையை அறிந்தவர்கள். கர்நாடகத்தில் 2023ஆம் ஆண்டின் இறுதியில், ஆளுங்கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் பசவராஜ் ராயரெட்டி முதலமைச்சரின் பொருளாதார ஆலோசகரானார். மற்றொரு வகையினர் துறை வல்லுநர்கள். தமிழ்நாட்டு அரசு 2021இல் பொருளாதார ஆலோசனைக் குழு அமைத்தபோது, நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோ, ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன் உள்ளிட்ட ஐவரை அழைத்தது.

"வல்லுநர் சொல்லைக் கேட்பதால் என்ன பயன், தாத்தா?"

"பசியே தீர்ந்திருக்கிறது, அம்மா!" என்றார் தாத்தா.

பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்த சி. சுப்பிரமணியம் 1964இல் நடுவண் அரசின் உணவு, வேளாண்மைத் துறை அமைச்சரானார். அக்காலத்தில் நாடு, கப்பலில் வந்த அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது. அவர் அறிவியலாளர்களைத் துணையாகக் கொண்டார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பு, 1965இல் முதன்முறையாக பி. பி. பால் என்னும் அறிவியலாளரிடம் வந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் முதலிய ஆய்வாளர்கள் குட்டை இனக் கோதுமையைப் பரிந்துரைத்தனர். எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும், 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வரவழைக்கப்பட்டது. 1968இல் கோதுமை விளைச்சல் அதுவரை காணாத அளவிற்கு உயர்ந்தது.

"வழி கூறுபவர் ஆலோசகர், முடிவெடுப்பவர் அமைச்சர். விளைச்சல் பொய்த்திருந்தால் பழியும் அமைச்சரையே சேர்ந்திருக்கும். ஆகவே, தவறு கண்டால் இடித்துரைப்பவரே நல்ல துணை. வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்தில் இதனை வலியுறுத்துகிறார். உன் பட்டியலில் அத்தகையவர் உண்டா?"

சிறுமி சற்றுநேரம் சிந்தித்தாள். பின்னர் ஒரு பெயரை அழித்துவிட்டு, தேர்தலில் தன்னை எதிர்த்து நின்றவளின் பெயரை எழுதினாள்.

அருஞ்சொற்பொருள்
நடுவண் அரசு – மத்திய அரசு
இடித்துரைத்தல் – தவற்றைக் கண்டித்துக் கூறுதல்

சிந்தித்து எழுதுக
1. ஆலோசகர்களின் இருவகை யாவை?
2. சிறுமி தன் பட்டியலை மாற்றியது சரியா? காரணம் தருக.