கரி கிடைக்கும், அது என்ன கரி?

குன்னூர்

அன்புள்ள தம்பிக்கு,

மீத்தேனைப் பிளாஸ்மாவில் உடைத்து கார்பன் நானோகுழாய் எடுக்கும் சின்ன உலை ஒன்றை ஊட்டியிலேயே அமைக்கப் போவதாக எழுதியிருந்தாய். மிக்க சந்தோஷம். உலை வேலை செய்யும், கரியும் வரும். பிளாஸ்மாவில் எலெக்ட்ரான்கள் மட்டும் பல்லாயிரம் டிகிரி சூட்டில் ஓடுகின்றன. அதனால் சாதாரணமாக 1000 டிகிரிக்கு மேல் கேட்கும் மீத்தேன், வாயு அவ்வளவு சூடேறாமலே உடைந்துவிடுகிறது. கரி வரவைப்பது பெரிய காரியமே இல்லை. வந்தது என்ன கரி என்று சொல்லத் தெரிவதுதான் தொழில். நான் சொல்ல நினைப்பதெல்லாம் அதைப் பற்றித்தான்.

உன் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி உண்டு. 6 மீட்டர் நீள இரும்புக் குழாய்களை அடுக்கிக் கட்டியது. குழாய்க்குள் 90 சதவீதம் ஆர்கான், 10 சதவீதம் மீத்தேன். நடுவே உயர் மின்னழுத்தத்தில் இருக்கும் மெல்லிய கம்பி. துகள் கடக்கும்போது பெருகும் எலெக்ட்ரான்களைக் கட்டுமீறாமல் அடக்குவது மீத்தேனின் வேலை. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேல் திரண்ட இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததைக் கண்டுபிடித்தது இந்தக் கருவிதான். இவ்வகை எண்ணிகளில் மீத்தேன் நெடுநாள் அடிபட்டால் சிதைந்து கம்பியின்மேல் படியக்கூடும். அந்தத் துறையினர் அதைக் கம்பி மூப்பு என்று அலுத்துக்கொள்வார்கள். மீத்தேனிலிருந்து மின்னிறக்கத்தில் வந்ததுதான் அதுவும். ஆனால் அதை யாரும் நானோகுழாய் என்று கொண்டாடுவதில்லை.

அடுத்தது மலை. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். காற்றழுத்தம் சுமார் 0.77 பார். கோவையில் சுமார் 0.96. சாதாரண முள் அளவி வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். அது மைனஸ் 0.5 பார் என்றால், கோவையில் உலைக்குள் இருப்பது 0.46 பார், ஊட்டியில் 0.27. முள் நிற்பது ஒரே இடத்தில், உள்ளே இருப்பதோ வேறு பிளாஸ்மா. கோவையில் உலை நடத்தியவர்களின் கட்டுரையில் உள்ள அளவை அப்படியே எடுத்தால் விளைச்சல் மாறும், காரணம் புரியாமல் நீ வினையூக்கியைக் குறை சொல்வாய். தனி அழுத்தம் காட்டும் அளவி வாங்கு. மெலிந்த காற்றில் பொறி எளிதாகத் தாவும் என்பதால் உயர் மின்னழுத்தக் கம்பிகளையும் இன்னும் தள்ளிக் கட்டு.

உலையின் ஒளியை நிறமாலைமானியில் பார்க்கப் பழகு. 516 நானோமீட்டரில் பச்சை தெரிந்தால் கார்பன் அணுக்கள் இரண்டிரண்டாய் இணைகின்றன. 388 அருகே கூர்மையான பட்டை எழுந்தால் பெரும்பாலும் நைட்ரஜன் நுழைந்திருக்கிறது; எங்கோ காற்று ஒழுகுகிறது. 309இல் தெரிந்தால் ஈரம். மூடுபனி நாட்களில் இதைத் தவறாமல் குறித்து வை.

ஊட்டிக் குளிருக்கு எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். நீ சாத்தாதே. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதமும், உலை வெளிவிடும் ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதமும் இருந்தால் தீப்பற்றும். இரண்டும் லேசானவை, கூரையடியில் தங்கும். வெளியேற்றும் விசிறி மேலே இருக்கட்டும். கரிப்பொடியைக் கூட்டாதே, முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடை.

இனி கரிக்கு வருவோம். குன்னூர்த் தேயிலை ஏலத்தில் தூள் கறுப்பாக இருக்கிறது என்று யாரும் விலை சொல்வதில்லை. ஊற்றிச் சுவைத்த பிறகுதான் பேச்சு. உன் கரிக்கும் அப்படி மூன்று சோதனையாவது வேண்டும்.

முதலில் ராமன் நிறமாலை. ஒவ்வொரு முறையும் சிலிக்கானின் 520.5 செ.மீ⁻¹ கோட்டை வைத்துக் கருவியைச் சரிபார். லேசரைக் குறைத்து வை. கரி சூடேறினால் கோடுகள் இடம்பெயரும். 1350 அருகே டி பட்டை, 1580 அருகே ஜி பட்டை. டி குறைந்தால் நல்ல கரி என்று மனப்பாடம் செய்துவிடாதே. ஒழுங்கே இல்லாத கரியிலும் டி தாழ்ந்தே தெரியும். பட்டைகளின் அகலத்தையும் சேர்த்துப் பார்.

இரண்டாவது, காற்றில் சூடேற்றி எடை பார்ப்பது. 10 மில்லிகிராம் கரி எரிந்து 2 மில்லிகிராம் செம்பொடி மிஞ்சினால், அது இரும்பு ஆக்சைடு. அதில் இரும்பு 1.4 மில்லிகிராம். அதாவது நீ கரி என்று எடைபோட்டதில் 14 சதவீதம் உன் இரும்பு வினையூக்கியே.

மூன்றாவது, மின்னணு நுண்ணோக்கி. மனத்தை மயக்குவது இதுதான். 2020இல் விஐடி ஆய்வாளர்கள், கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதினார்கள். ஓடுகள் கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சூளை நெருப்பிலேயே குழாய் பிறக்கும் என்றால், உன் மாதிரியில் ஒன்றிரண்டு தென்படுவது உலையின் திறமைக்குச் சான்றாகாது. அழகான குழாயைத் தேடிப் படமெடுக்காதே. மாதிரியைத் தாங்கும் நுண்சல்லடையில் பத்து இடங்களை முன்கூட்டியே தேர்ந்துகொண்டு, அங்கே இருப்பதை எடு, குப்பையாக இருந்தாலும் சரி.

கணக்கையும் முடி. 16 கிராம் மீத்தேனில் கார்பன் 12 கிராம். உள்ளே போனதில் எத்தனை பங்கு கரியானது, எத்தனை அசெட்டிலீனாகப் புகைபோக்கி வழியே போனது என்று எழுதாத கட்டுரை பாதிக் கட்டுரைதான்.

மூன்று சோதனையும் ஒத்துப்போனால் நானோகுழாய் என்று தலைப்பிடு. ஒத்துப்போகாவிட்டால் கார்பன் படிவு என்றே எழுது. கைதட்டல் குறையும்; ஆனால் உன் எண்களை நம்பி இன்னொருவர் உலை மூட்ட முடியும்.

முதல் மாதிரி வந்ததும் குன்னூருக்கு வா. குறிப்பேட்டைக் கொண்டு வா. படங்களைப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்