வாடைக்காலத்தில் பாய்ப்படகு



வாடைக்காற்று ஐப்பசிக் கடைசியில் மன்னார்க் கரைக்கு வந்து தை முடியும்வரை நிற்கும். வெப்பமானியை மட்டும் பார்த்தால் இங்கே குளிரே இல்லை. ஜனவரி விடியற்காலையிலும் அது 23 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும். ஆனாலும் சிறு பாய்ப்படகில் இரவு தங்குபவரின் பல் கிட்டிப்போகும். நனைந்த உடுப்பிலுள்ள நீர் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உடம்பிலிருந்தே எடுக்கிறது. காற்று வீச வீச ஆவியாதலும் கூடுகிறது. நடுக்கம் முற்றிப் பேச்சுக் குழறத் தொடங்கினால் உடல்வெப்பம் அபாயமாக இறங்குகிறது என்று பொருள். சாராயம் சூடு தருவதுபோலத் தோன்றினாலும், அது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து உள்வெப்பத்தை வெளியே விட்டுவிடும்.

குளிரைச் சமாளிப்பதில் முதல் வேலை கரையைத் தேர்வது. மன்னார்த் தீவுக்கு வடக்கே பாக்குக் குடா, தெற்கே மன்னார் வளைகுடா. தீவுக்கு அப்பால், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிவரை ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு மணல்திட்டுகள் இவ்விரு கடலையும் பிரிக்கின்றன. பாக்குக் குடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைவு. ஆழமில்லாத நீரில் காற்று அடித்தால் அலை நீளமாகப் புரளாது. குட்டையாய், செங்குத்தாய், அடுத்தடுத்து எழும். வாடையில் தீவின் வடகரையிலுள்ள பேசாலைக் கடலில் நங்கூரமிட்டுப் படுப்பவருக்கு நித்திரை கிடையாது. அதே நாளில் தென்கரையிலுள்ள தாழ்வுபாட்டில் காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் நீர் அடங்கிக் கிடக்கும். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று கிளம்பினால் நிலைமை தலைகீழாகும்.

தென்கரையின் இந்த அமைதியை அப்படியே நம்பிவிடக் கூடாது. வடகரையில் நங்கூரம் இழுபட்டால் படகு மணலில் ஏறும். சேதம் வந்தாலும் ஆள் கரையில் இருப்பார். தென்கரையிலோ வாடை படகை வெளியே, ஆழ்கடலை நோக்கித் தள்ளும். தூங்கியவர் விழிக்கும்போது கரை மறைந்திருக்கலாம். ஆகவே நங்கூரக் கயிறு நீரின் ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது வேண்டும். காற்று கூடினால் ஏழு மடங்கு. கயிறு நீண்டு தாழ்ந்து கிடந்தால்தான் நங்கூரம் மேலெழும்பாமல் மணலைக் கவ்வும். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு விளக்குகளை நேர்கோட்டில் பார்த்துவைப்பது நல்லது. நேர் விலகி, பழையபடி திரும்பாவிட்டால் படகு நகர்கிறது.

திறந்த படகில் பாயே கூரை. பாய்மரத்தை இறக்கி, நீளவாட்டில் இரண்டு கவைத்தடிகளில் கிடத்தி, அதன்மேல் பாயை விரித்து, ஓரங்களைப் படகின் இருபக்க விளிம்பிலும் கட்டவேண்டும். அணியத்தில் நங்கூரமிட்ட படகு காற்றைப் பார்த்தே நிற்குமாதலால் முன்பக்கத்தை மூடி, பின்பக்கத்தைத் திறந்துவிடலாம். மரம் இறங்கியதால் காற்று பிடித்து இழுப்பதும் குறையும்.

கடல்நீரில் நனைந்த துணி வெயிலில் காய்ந்தாலும் காய்ந்ததாகாது. அதில் தங்கிய உப்பு இரவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மறுபடி சதசதக்கும். அதோடு உராய்ந்து தோல் புண்ணாகும். மன்னாரின் ஆண்டு மழையில் பெரும்பகுதி இந்தக் காலத்தில் விழுவது பெரிய உதவி. பாயில் வழியும் முதல் நீர் உப்புக் கரிக்கும். அதை விட்டு, நாக்கில் கரிப்பு நின்றபின் குடிக்கவும் துணி அலசவும் பிடிக்கலாம். படுக்கும் உடுப்பு ஒன்று இறுக்கி மூடிய பிளாஸ்ரிக் பீப்பாவுக்குள் இருக்கட்டும். வேலைக்கு அதை எடுக்கவே கூடாது.

அடுப்பை மணல் நிரப்பிய பெட்டியில், கூரைக்கு வெளியே வைப்பதே முறை. இலண்டன் கால்வாய்ப் படகுகளில் பனிக்காலத்திலும் குடியிருப்போர் உண்டு. அங்கே மூச்சின் ஈரம் குளிர்ந்த சுவரில் நீராய் வடியும். குளிருக்கு அஞ்சிக் காற்றுவழியை அடைத்தால் அடுப்பின் காபனோரொட்சைட்டு கொன்றுவிடும். நிறமோ மணமோ இல்லாத வாயு அது. மழைக்குப் பயந்து பாயின் இரு முனையையும் மூடிக் கரியடுப்பு மூட்டினால் மன்னாரிலும் அதே கதிதான்.

இக்காலத்தின் பெரும் அபாயம் புயல். 1964 டிசெம்பர் 22 இரவு வட இலங்கையைக் கடந்து வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1914 முதல் தலைமன்னாரிலிருந்து அங்கே ஓடிய கப்பல் சேவை அத்தோடு நின்றது. 2020 டிசெம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. காற்றுக்கு முகம்கொடுத்து நின்றால் தாழமுக்கத்தின் மையம் வலக்கைப் பக்கம், சற்றுப் பின்னால் இருக்கும். மையம் தீவுக்கு வடக்காகக் கடந்தால் காற்று மேற்காய், தென்மேற்காய்த் திரும்பும். காலையில் ஒதுக்காயிருந்த தென்கரையை அதே இரவில் அலை அறையும். வளிமண்டலவியல் திணைக்களம் புயல் எச்சரிக்கை விடுத்தால் படகை அலையேறும் எல்லைக்கு மேலே இழுத்துக் கட்டிவிட்டு, ஆட்கள் கல்வீடு ஒன்றுக்குப் போய்விட வேண்டும்.