இரண்டாமவர் வைக்கும் விலை

1938ஆம் வருஷம் ஜூன் மாத இதழாக வெளிவந்து, 10 சென்ட் விலையில் அமெரிக்கப் பத்திரிகைக் கடைகளில் விற்ற ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின், அதாவது சூப்பர்மேன் என்னும் கற்பனை வீரன் முதன்முதலாகத் தோன்றிய அந்த இதழின், எஞ்சியிருக்கும் சில பிரதிகளுள் ஒன்று 2010இல் 10 லட்சம் டாலருக்கும், மற்றொன்று 2014இல் 32 லட்சம் டாலருக்கும், பிறிதொன்று 2024இல் 60 லட்சம் டாலருக்கும் விலைபோயின என்ற செய்தி பரவியதிலிருந்து, அந்நாட்டில் பழைய காமிக்ஸ் பெட்டியொன்றைப் பரணில் வைத்திருப்போர் அனைவருடைய உள்ளத்திலும் ஒரு சிறு ஆசை முளைத்துவிட்டது. ஆசை முளைத்த இடத்தில் உபதேசமும் முளைப்பது இயல்பே. எந்தக் கிழமையில் ஏலத்தை முடிப்பது, எந்தத் தொகையில் தொடங்குவது, எந்தத் திரைப்படத்துக்காகக் காத்திருப்பது என்று விற்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சூத்திரங்கள் பல. அவற்றுள் முக்கியமான ஆறினை எடுத்து, அவற்றில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரிசீலனைக்கு முன் ஏலத்தின் அடிப்படை விதியொன்றை மனத்திற்கொள்ள வேண்டும். ஈபே போன்ற இணைய ஏலங்களில், வாங்க விரும்புபவர் தாம் கொடுக்கத் துணிந்த உச்சத் தொகையை இரகசியமாகப் பதிவு செய்கிறார். போட்டிக்கு வருபவரை மிஞ்ச எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டுமே கணினி அவர் சார்பில் விலையை ஏற்றிச் செல்கிறது. ஒரு பிரதிக்கு 500 டாலர் கொடுக்க ஒருவரும், 120 டாலர் கொடுக்க மற்றொருவரும் ஆயத்தமாக இருந்தால், அப்பிரதி 500 டாலருக்குப் போவதில்லை. 120க்கு மேல் ஒரு படி, அதாவது 122 டாலர் 50 சென்டில் நின்றுவிடுகிறது. இரண்டாவது உச்சத் தொகையே கிரயமாக அமையும் இத்தகைய ஏலத்தின் தர்க்கத்தை 1961இல் விளக்கிய பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி, 1996இல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே ஏலத்தில் விலையை நிர்ணயிப்பவர் வென்றவர் அல்லர். அவரிடம் தோற்றுப்போன இரண்டாமவரே. நாம் காணப்போகும் தவறான அபிப்பிராயங்களுள் பெரும்பாலானவை இந்த இரண்டாமவரை மறந்ததனால் விளைந்தவை.

நம்பிக்கை 1: ஞாயிற்றுக்கிழமை மாலையில் முடியும் ஏலமே அதிக விலை தரும்.

உண்மை: ஞாயிறு மாலையில் அமெரிக்கர் பலர் வீட்டில் ஓய்வாக இருக்கின்றனர் என்பதும், அந்நேரத்தில் ஏலம் கேட்போர் எண்ணிக்கை மிகுகிறது என்பதும் மெய்யே. ஆனால் அந்த மெய்யை அறிந்தவர் ஒருவர் மட்டும் அல்லரே! கூட்டம் கூடும் நேரத்தைத் தேடி விற்பவர்களும் கூடிவிடுகிறார்கள். ஈபே ஏலங்கள் முடியும் நேரத்தை ஆராய்ந்து யூரி சைமன்சன் 2010இல் வெளியிட்ட ஆய்வு, ஏலம் கேட்போர் மிகுந்திருக்கும் மாலைப்பொழுதுகளில் முடியும் ஏலங்கள் அளவுக்கு மீறிக் குவிகின்றன என்றும், அதன் பயனாக அந்நேரங்களில் விற்பனையாகும் விகிதமும் கிடைக்கும் விலையும் குறைந்தே காணப்படுகின்றன என்றும் எடுத்துக்காட்டிற்று. இதைவிட ரசமான விஷயம், இத்தவற்றை மிகுதியாகச் செய்பவர்கள் நேரத்தைப் பற்றிச் சிந்தியாதவர்கள் அல்லர், நன்கு யோசித்து நேரம் குறித்தவர்களாகத் தோன்றுபவர்களே என்பதாகும்.

அவ்வாய்வு திரைப்படக் குறுந்தகடுகளைப் பற்றியது. எனினும் அதன் நியாயம் காமிக்ஸுக்கும் பொருந்தும். எங்கும் கிடைக்கும் ஓர் இதழின் பத்துப் பிரதிகள் ஒரே மாலையில் முடியுமானால், ஒன்றில் இரண்டாமவராக நின்று விலையை ஏற்றியிருக்கக்கூடியவர் அடுத்ததில் முதல்வராகிப் போய்விடுகிறார். ஆகவே விற்பவர் கிழமையைப் பார்ப்பதைக் காட்டிலும், தம்முடைய இதழின் வேறு பிரதிகள் எப்போது முடிகின்றன என்று பார்த்து, அவற்றினின்று விலகி நிற்பதே விவேகம். அபூர்வமான பிரதியைப் பொறுத்தவரையில், அதை நாடுவோர் புதன்கிழமை மாலையானாலும் தேடிக்கொண்டு வருவார்கள். அமெரிக்காவின் கீழ்க்கரையும் மேல்கரையும் ஒருசேர விழித்திருக்கும் நேரமாக இருந்தால் போதும்.

நம்பிக்கை 2: 99 சென்டில் தொடங்கினால் விலை தானே உச்சத்துக்குச் செல்லும்.

உண்மை: இந்நம்பிக்கைக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது 2014 ஆகஸ்டில் ஈபேயில் நடந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ ஏலம். அது 99 சென்டில் தொடங்கிப் பத்து நாட்கள் நடந்து, 32,07,852 டாலரில் முடிந்தது. தாழ்ந்த தொடக்கம் பலரை உள்ளே அழைக்கிறது. ஒருமுறை கேட்டவருக்கு அப்பொருள்மீது ஒருவித உரிமையுணர்ச்சி உண்டாகிறது. கேட்டவர்களின் எண்ணிக்கையைக் கண்டு பிறரும் வருகிறார்கள். கிலியன் கூ, ஆடம் கலின்ஸ்கி, கீத் மர்னிகன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வும், சைமன்சனும் டான் ஏரியலியும் 2008இல் வெளியிட்ட ஆய்வும் இந்த மனோபாவத்தை நிரூபித்திருக்கின்றன.

ஆயினும் அவ்வாய்வுகளிலேயே ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. கூட்டம் வருவதற்குத் தடை இருக்குமிடத்தில், உதாரணமாகப் பொருளின் பெயரே எழுத்துப்பிழையுடன் பதிவாகித் தேடுவோர் கண்ணிற் படாமற் போகுமிடத்தில், தாழ்ந்த தொடக்கத்தின் அனுகூலம் மறைந்துவிடுகிறது. மேலும், பழகித் தேர்ந்தவர்கள் இவ்வகை ஏலங்களில் அதிகம் கலந்துகொள்வதில்லை என்பதும் இரண்டாவது ஆய்வின் முடிவு. உலகமே அறிந்த ஓர் இதழுக்கு 99 சென்ட் என்பது வெறும் சம்பிரதாயம். அதை நாடும் செல்வந்தர்கள் எங்கிருந்தாலும் வந்து சேர்வார்கள். வெகு சிலரே தேடும் ஒரு கௌபாய்க் கதை இதழையோ, நின்றுபோன ஒரு சிறு கம்பெனியின் இதழையோ அதே தொகையில் தொடங்கினால், வாரம் முழுவதும் ஒரே ஒருவர் வந்து, இரண்டாமவர் எவரும் இன்றி, 99 சென்டுக்கே அதை எடுத்துச் சென்றுவிடக் கூடும். அத்தகைய பிரதிக்கு, இதற்குக் குறைந்தால் கொடுக்க மனமில்லை என்னும் தொகையையே வெளிப்படையான ஆரம்ப விலையாக வைப்பது உத்தமம்.

நம்பிக்கை 3: இரகசியமாக ஒரு குறைந்தபட்ச விலையை வைத்துக்கொண்டால் நஷ்டமும் இல்லை, கூட்டமும் குறையாது.

உண்மை: ஆரம்ப விலையைத் தாழ்த்திக் காட்டிவிட்டு, அதற்கு மேற்பட்ட ஒரு தொகையை மறைத்து வைத்து, அத்தொகையை எட்டினாலன்றி விற்பதில்லை என்னும் ஏற்பாட்டுக்கு ரிசர்வ் விலை என்று பெயர். இதனால் உண்டாகும் பலனை அறிய, ராமா கட்கரும் டேவிட் ரைலியும் போகிமான் சீட்டுக்களை இரண்டிரண்டாக எடுத்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு வெளிப்படையான ஆரம்ப விலையும், மற்றொன்றுக்கு அதே தொகையை மறைவான ரிசர்வாகவும் வைத்து, ஈபேயில் விற்றுப் பார்த்தனர். மறைவான விலை வைத்த ஏலங்களில் விற்பனையாகும் வாய்ப்பு குறைந்தது. மெய்யாக வாங்க வந்தவர்கள் விலகினர். எதிர்பார்க்கத்தக்க கிரயமும் குறைந்தது. காரணம் ஊகிக்கக் கூடியதே. தாம் எவ்வளவு கேட்டாலும் ‘இன்னும் ரிசர்வ் விலை எட்டப்படவில்லை’ என்ற அறிவிப்பைக் காண்பவர், எதிரில் இருப்பது ஏலம் அன்று, பேரத்துக்கு இடமில்லாத கடை என்று எண்ணிப் போய்விடுகிறார். அவ்வாறு போகிறவர்களுள் நமக்கு மிகவும் வேண்டிய இரண்டாமவரும் ஒருவராக இருக்கலாம்.

நம்பிக்கை 4: ஐந்து நாளாகியும் விலை ஏறவில்லையானால் அந்த ஏலம் தோற்றது, நிறுத்திவிடுவதே மேல்.

உண்மை: இதனால் நல்ல விலையை இழந்தவர்கள் அநேகர். ஈபேயில் ஏலம் குறித்த விநாடியில் முடிந்துவிடுகிறது. அதன்பின் எவரும் கேட்க இயலாது. எனவே விஷயமறிந்தவர்கள் தம் ஆர்வத்தை முன்கூட்டிக் காட்டிப் பிறரைத் தூண்டிவிட விரும்பாமல், கடைசி விநாடிகள்வரை மௌனமாகக் காத்திருக்கிறார்கள். ஆல்வின் ராத், ஆக்ஸல் ஆக்கன்ஃபெல்ஸ் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் 2002இல் வெளியிட்ட ஒப்பீட்டில், கடைசி நிமிஷங்களில் எவரேனும் கேட்டால் ஏலத்தைத் தானாகவே நீட்டித்த அன்றைய அமேசான் ஏலங்களைவிட, நேரம் நீளாத ஈபே ஏலங்களில் இக்கடைசி நேரப் பாய்ச்சல் மிகுதி என்பது தெளிவாயிற்று. ஆகவே ஐந்தாம் நாளில் தெரியும் விலை வந்திருப்போரின் ஆசைக்கு அளவுகோல் ஆகாது.

ஏலத்தின் கால அளவிலும் இதையொத்த ஒரு மயக்கம் உண்டு. மூன்று நாளில் முடித்தால் பரபரப்பு மிகும் என்பர். பழைய அமெரிக்கப் பென்னி நாணயங்களின் ஈபே ஏலங்களை ஆராய்ந்த லக்கிங்-ரைலி குழுவினரோ, மூன்று நாள் ஏலத்தைக் காட்டிலும் ஏழு நாள் ஏலத்தில் விலை சராசரியாக 24 சதவீதமும், பத்து நாள் ஏலத்தில் 42 சதவீதமும் உயர்ந்திருந்ததாகக் கண்டனர். காமிக்ஸில் இதே விகிதம் கிடைக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் வாரம் ஒருமுறை மட்டுமே தேடிப் பார்க்கும் சேகரிப்பாளர் ஒருவரும் தவறிப்போகாதபடி கால அவகாசம் கொடுப்பது எப்போதும் நல்லது.

நம்பிக்கை 5: திரைப்படம் வெளியாகும் வாரமே விற்பதற்கு ஏற்ற வாரம்.

உண்மை: காமிக்ஸ் சந்தையில் விலையை ஏற்றுவது திரைப்படம் அன்று, திரைப்படம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு. மார்வெல் கம்பெனி ஒரு பாத்திரத்தைத் திரைக்குக் கொண்டுவருவதாக அறிவித்த கணத்திலேயே, அப்பாத்திரம் முதன்முதல் தோன்றிய இதழைத் தேடி வாங்குவோர் பெருகுகின்றனர். படம் திரையரங்குக்கு வரும் நாளிலோ, முன்னமே வாங்கி வைத்தவர்கள் எல்லோரும் ஏககாலத்தில் விற்க வருகிறார்கள். அன்று இரண்டாமவராக நிற்க வேண்டியவர்கள் அநேகமாக எதிர்த்தரப்பில், விற்பவர் வரிசையில், நிற்கின்றனர்.

காத்திருப்பதில் வேறோர் அபாயமும் உண்டு. ‘டூம் ஆஃப் டிராகுலா’ என்னும் தொடரின் பத்தாம் இதழில், 1973இல், பிளேடு என்னும் பாத்திரம் அறிமுகமாயிற்று. 2019 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் விழாவில், மகர்ஷலா அலி அப்பாத்திரத்தில் நடிக்கப்போவதாக மார்வெல் அறிவித்தவுடன் அவ்விதழின் விலை பாய்ந்தேறியது. அதன்பின் அப்படத்தின் வெளியீட்டுத் தேதி மீண்டும் மீண்டும் தள்ளிப்போடப்பட்டது. அறிவிப்பு வந்த வாரத்தில் விற்றவர் லாபமடைந்தார். வெளியீட்டு நாளை எதிர்நோக்கியிருந்தவர் வருஷக்கணக்கில் காத்திருந்தார். இதனோடு, 2020, 2021ஆம் வருஷங்களில் நோய்த்தொற்றுக் காலத்தில் வீங்கிய விலைகள் 2022 முதல் இறங்கியதையும் சேர்த்து எண்ணினால், உச்சியை எட்டும்வரை பொறுத்திருப்போம் என்னும் சங்கல்பம் எவ்வளவு பலவீனமானது என்பது விளங்கும்.

நம்பிக்கை 6: புகழ்பெற்ற முதல் இதழ், பிரிக்காத உறை, தரச்சான்று ஆகியவை இருந்தால் கேட்ட விலை கிடைக்கும்.

உண்மை: 1991இல் வெளிவந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் கடைகளுக்குச் சென்றது. 1992 நவம்பரில், சூப்பர்மேனின் மரணத்தைச் சொல்லிக் கறுப்பு உறையில் வந்த ‘சூப்பர்மேன்’ தொடரின் 75ஆம் இதழை, என்றேனும் பொன்னாகும் என்று நம்பிப் பிரிக்காமலே பலர் பத்திரப்படுத்தினர். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எவரிடமும் இல்லாத பொருளாவது எங்ஙனம்? 1938இன் இதழ் விலை பெற்றதற்குக் காரணம், அதைச் சிறுவர்கள் படித்துக் கிழித்துப் போட்டதும், இரண்டாம் உலக யுத்த காலத்தில் பழைய காகிதம் சேகரிக்கப்பட்டபோது பல பிரதிகள் அழிந்ததுமே.

தரச்சான்றைப் பொறுத்தவரை, 2000இல் தோன்றிய சி.ஜி.சி. நிறுவனம் பத்துப் புள்ளி அளவில் தரம் குறித்துப் பிரதியைக் கண்ணாடி போன்ற பெட்டியில் அடைத்துத் தருவது வாங்குபவரின் ஐயத்தைப் போக்குகிறது. ஐயம் போனால் இரண்டாமவர் துணிந்து கேட்கிறார். அந்த மட்டில் சான்று பயனுள்ளதே. ஆனால் சான்றுக்கும் தபாலுக்கும் ஆகும் செலவைக்கூடத் திரும்பப் பெறாத சாதாரண இதழ்களே பெட்டிகளில் மிகுதி. அட்டையின் மங்கிய இடத்தில் வர்ணம் தீட்டி அழகு செய்தவருக்கோ, சீரமைக்காத பிரதிக்குரிய நீலச் சீட்டுக்குப் பதிலாகச் சீரமைப்பைச் சுட்டும் ஊதாச் சீட்டு கிடைத்து, விலை முன்னிலும் தாழ்ந்துவிடுகிறது.

விலையை மதிப்பிடுவதற்கும் மற்ற விற்பனையாளர்கள் கேட்டுவைத்திருக்கும் தொகைகளை நம்புவது வீண், கேட்பதற்குச் செலவில்லை. 1970 முதல் வெளிவரும் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு ஒரு பொது வழிகாட்டியாக உதவும். ஈபேயில் கடந்த 90 நாட்களில் மெய்யாகவே விற்று முடிந்தவற்றின் பட்டியல் அதைவிட நெருக்கமான சாட்சி. அதிலும், தபால் கட்டணத்தையும் உள்ளிட்ட மொத்தத் தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு 13 வீதம் ஈபே எடுத்துக்கொள்வதைக் கழித்த பிறகே லாபக் கணக்குப் போடவேண்டும்.

இவையனைத்தையும் ஆராய்ந்தபின் விற்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, என்றைக்கு, எத்தனைக்கு என்பதற்கு முன்னால், இந்தப் பிரதியை விரும்பும் இரண்டாவது மனிதர் இருக்கிறாரா என்பதே. இருக்கிறார் என்று விற்பனைப் பட்டியல் சொன்னால், முதுகுப்புறத்தின் சுருக்கம் முதல் துருப்பிடித்த கம்பி வரை எதையும் மறைக்காமல் தெளிவான புகைப்படங்களோடு ஏலத்துக்கு விடலாம். கிழமையைப் பற்றிய கவலை அதற்குமேல் அதிகம் வேண்டியதில்லை. இல்லை என்று தோன்றினால், அப்பொருளுக்கு ஏலம் ஏற்ற முறையே அன்று. நிலையான விலையொன்றைக் குறித்து, பேரத்துக்கும் இடம் வைத்து, அதை நாடும் அந்த ஒருவர் வரும்வரை மாதக்கணக்கில் ஆனாலும் பொறுத்திருப்பதே முறை.