நிரலர்க்கு வேண்டும் இயல்புகள்

நுழையும்முன்

கணக்கில் நூற்றுக்கு நூறு பெறுவோர்க்கும் ஆங்கிலத்தில் வல்லார்க்கும் மட்டுமே கணினி நிரல் எழுதவரும் என்று எண்ணி, பலர் முயலாமலே விலகிவிடுகின்றனர். அத்தொழில் உண்மையில் எத்தகைய மனப்பாங்கை வேண்டுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஐயமறச் சொல்லுதல்

கணினி, இட்ட கட்டளையை மட்டுமே நிறைவேற்றும். சொல்லாமல் விட்டதைக் குறிப்பால் உணராது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஆந்திர மாநிலம் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நீர், ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லைக்குள் நுழைந்து பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. பூண்டியின் முழு நீர்மட்ட உயரம் 35 அடி. அங்கு நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் நிரல் ஒன்றை நாம் எழுதுவதாகக் கொள்வோம். ‘மட்டம் 35 அடிக்குமேல் சென்றால் எச்சரிக்கை மணியை ஒலி’ என்று எழுதுகிறோம். மட்டம் சரியாக 35 அடியில் நின்றால் மணி ஒலிக்காது. காவலர் ஒருவர் இருந்தால் நம் கருத்தை உய்த்துணர்ந்து செயல்படுவார். கணினி அவ்வாறு செய்யாது. அளவுக்கருவி பழுதடைந்து 0 எனக் காட்டினால், ஏரி வறண்டுவிட்டது என்றே அது கொள்ளும். ‘இப்படி நேர்ந்தால் என்ன ஆகும்?’ என்று முன்கூட்டியே வினவும் பழக்கம் நிரலர்க்குரிய முதல் தகுதியாகும்.

பிழையைத் தேடும் பொறுமை

‘தமிழ்’ என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. ஆயினும் ஒருங்குறியில் அமைந்த அச்சொல்லின் நீளத்தை எளிய நிரல் ஒன்றால் கணக்கிட்டால், 5 என விடை வரும். பொறுமையற்றவர் கணினியைப் பழிப்பார். நிரலரோ சொல்லைப் பிரித்துப் பார்ப்பார்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நாம் எழுத்துகளை எண்ணக் கருதினோம். நம் நிரலோ குறியீடுகளை எண்ணச் சொன்னது. ஆகவே திருத்தப்பட வேண்டியது நாம் எழுதிய கட்டளையே. அதனை ஏற்கும் பணிவும், காரணம் கிட்டும்வரை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் பொறுமையும் இன்றியமையாதவை. இப்பிழையைத் திருத்தக் கணினியறிவுடன் எழுத்திலக்கண அறிவும் துணைசெய்வதை எண்ணிப் பாருங்கள்.

தமிழறிவும் துணையாகும்

சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தமிழாசிரியராகவும் சிறுகதை எழுத்தாளராகவும் விளங்கியவர். கணினியில் தமிழை வழங்கச் செய்யும் ஆர்வத்தால் ‘கணியன்’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெற முன்னின்றார். ஒரு துறையில் கொண்ட ஆழ்ந்த ஈடுபாடு மற்றொரு துறைக்கும் வழிதிறக்கும் என்பதற்கு அவர் சான்று.

கணக்கறிவு நிரலர்க்குப் பயன்படும்; ஆங்கில அறிவும் தேவைப்படும். இரண்டையும் பயிற்சியால் வளர்த்துக்கொள்ளலாம். ஒருநாள் முழுதும் தேடியும் பிழை அகப்படாதபோது, மறுநாளும் ஆர்வம் குன்றாமல் தேட அமரும் மனமே இத்தொழிலில் நிலைக்கச் செய்யும். அத்தகைய மனம் உமக்கு உண்டா என்பதை மதிப்பெண் பட்டியல் கூறாது. சிறு நிரல் ஒன்றை எழுதிப் பாருங்கள். விடை தானே தெரியும்.

கற்பவை கற்றபின்

1. தேநீர் தயாரிக்கும் முறையைக் கட்டளைகளாக எழுதி, நண்பரிடம் கொடுங்கள். எழுதியதை மட்டுமே அவர் செய்துகாட்ட, விடுபட்ட கட்டளைகளைக் கண்டறிந்து சேருங்கள்.

2. ‘அம்மா’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள், எத்தனை குறியீடுகள் உள்ளன என்பதைப் பிரித்து எழுதுங்கள்.